பேரேட்டில் தலைப்பு இல்லாத செலவு: ஒரு சேகோ ஆலையில் மூன்று சீசன்

அந்த வவுச்சர் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. தேதி, தொகை, கீழே ஓர் இடது கைப் பெருவிரல் ரேகை. கைநாட்டு வைத்தவர் பத்தாவது வரை படித்தவர். முந்தைய மாதக் கூலி நோட்டில் சாய்வெழுத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வலது கைச் சுட்டுவிரல் கிழங்கு அரைக்கும் ராஸ்பர் மெஷினில் போய்விட்டது, கட்டுப் போட்ட கையில் பேனா நிற்கவில்லை. செலவுத் தலைப்பு என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்தது ‘இதர செலவு’.

சேலத்தைச் சுற்றி ஐந்தாறு சேகோ ஆலைகளுக்கு, அதாவது மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகளுக்கு, கணக்கு எழுதுவது என் பிழைப்பு. பாதுகாப்பைப் பற்றி முறையாக எதுவும் படித்ததில்லை. ஆனால் ஆத்தூர் ரோட்டில் ஓர் ஆலையில் மூன்று சீசனாக நடந்ததைக் கணக்குப் புத்தகம் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். ஆளை அடையாளம் காட்டும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

கிழங்கின் அவசரம்

இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றதும் சேலத்தில் காலூன்றிய தொழில் இது. 1981-இல் ஆலைக்காரர்களுக்கான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமையெல்லாம் சரி, ஆலைக்குள் ராஜ்ஜியம் கிழங்கினுடையது. மரவள்ளியைப் பிடுங்கினால் ஓரிரு நாளில் அரைத்தாக வேண்டும். கிடக்கவிட்டால் உள்ளே கருத்துப்போகும், மாவுச்சத்து இறங்கும். கிழங்குக்கு விலையே மாவுச்சத்து எவ்வளவு என்று காட்டும் பாயிண்ட்டை வைத்துத்தான். லாரி வாசலில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவருக்கு நஷ்டம்.

கழுவி, தோல் சீவி, ராஸ்பரில் அரைத்து, மாவுப்பாலை வடிகட்டித் திப்பி என்ற சக்கையைப் பிரித்து, தொட்டியில் மாவைப் படியவிட்டு, உருட்டிக் குலுக்கி, வறுத்து, களத்தில் காயவைக்க வேண்டும். நடுவில் ஓரிடம் நின்றால் பின்னால் எல்லாம் தேங்கும். தேங்கினால் பால் புளிக்கும், புளித்தால் ஜவ்வரிசியின் வெண்மை போகும். அதனால்தான் சேகோ ஆலையில் ‘மெஷினை நிறுத்து’ என்ற வார்த்தையைச் சீசன் நேரத்தில் யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள்.

அந்த நாள்

கொரோனா ஓய்ந்த பிறகு வந்த ஒரு சீசன், தை மாதம். வாசலில் மூன்று லாரி. ராஸ்பரின் வாயில் கிழங்கு அடைத்துக்கொண்டது. அரவைக்காரர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கையை விட்டார். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விபத்துக்குப் பிறகு ‘ஓடுற மெஷின்ல கைய விட்டான்’ என்று ஊரே பேசியது.

மோட்டார் அணைந்தது, டிரம் நிற்கவில்லை. ராஸ்பர் டிரம் என்பது கனமான உருளை. சுற்றிலும் ஆணியால் துளைத்த தகடு, துருவியைத் திருப்பிப் போட்ட மாதிரி. மின்சாரம் போன பிறகும் அது தன் பாரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் பம்புகளும் சல்லடையும் ஓடும் இரைச்சலில், இது ஓடுகிறதா நின்றதா என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. வாய்க்கு ஒரு மூடி இருந்தது. கழுவத் தொந்தரவு என்று இரண்டு வருடம் முன்பே கழற்றிவிட்டார்கள். வேப்பமரத்தடியில், மேலே தேங்காய் மட்டை அடுக்கி வைத்துக் கிடந்தது அது. விபத்து நடந்த மறுநாள் நானே பார்த்தேன்.

ஆலைச் சுவரில் ‘பாதுகாப்பே முதல்’ என்று பெரிய போர்டு. ஆபீஸ் அறையில் ஆணியில் மாட்டிய பத்து மஞ்சள் ஹெல்மெட். தண்ணீரும் மாவுப்பாலும் ஓடும் தரையில், சுழலும் டிரம்மும் கசியும் மோட்டாரும் இருக்கிற இடத்தில், ஹெல்மெட் எதற்கு என்று அன்றுவரை நானும் கேட்டதில்லை. ஆயுத பூஜை அன்று அவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள்.

பணம் எங்கே போனது

அரவைக்காரரின் பெயர் தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐ பட்டியலில் ஏறியிருக்கவில்லை. ஒப்பந்தக் கூலி என்று தனி நோட்டில் இருந்தார். சட்டப்படி அதுவே ஒரு தப்பு. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு தொகையைக் கொடுத்து முடித்தார்கள். அதுதான் நான் சொன்ன வவுச்சர்.

அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை அளவுகோலாக வைத்து ஒரு நாள் ராத்திரி கணக்குப் போட்டேன். சுட்டுவிரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு என்று அதன் அட்டவணை சொல்கிறது. மாதக் கூலி 15,000 ரூபாய், அதில் 60 சதவீதம், 30 வயதுக்காரருக்கான காரணி 207.98. எல்லாவற்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 2,62,000 ரூபாய். பேசி முடித்த தொகை இதில் பாதிகூட இல்லை. ஒரு விரலுக்கு இவ்வளவு துல்லியமாக விலை போட்டு வைத்திருக்கிறார்களே என்று அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த மாதக் கணக்கை முடிக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. ஆலை அன்றைக்கும் மறுநாள் மதியம்வரையிலும் நின்றது. மூன்று லாரிக் கிழங்கும் வெயிலில் கிடந்தது. தொட்டியில் இருந்த பால் புளித்தது, அந்தச் சரக்கு வெண்மை குறைந்து விலையில் அடிபட்டது. அரவையில் இருந்த இன்னும் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஆலைக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர் பழகும் முன் ஒரு பெல்ட்டை அறுத்தார். இவை ஒவ்வொன்றும் என் பேரேட்டில் இருந்தன. கொள்முதல் தள்ளுபடி ஓரிடம், விற்பனை வித்தியாசம் ஓரிடம், பராமரிப்பு ஓரிடம். ‘விபத்து’ என்று எங்கேயும் இல்லை. கூட்டிப் பார்த்தால் ஆஸ்பத்திரிச் செலவைப் போல மூன்று மடங்குக்கு மேல் வந்தது.

ஹைன்ரிக் என்ற அமெரிக்க இன்ஷூரன்ஸ்காரர் 1930-களிலேயே, நேரடிச் செலவு ஒரு ரூபாய் என்றால் மறைமுகச் செலவு நாலு ரூபாய் என்று எழுதியிருக்கிறார். எல்லாத் தொழிலுக்கும் நாலு என்பது எனக்கு ஒப்பவில்லை. அந்த விகிதத்தைக் கேள்வி கேட்டவர்கள் பின்னால் நிறையப் பேர். மறைந்திருக்கிறது என்பது மட்டும் சத்தியம். மறைத்து வைத்தவர்களில் நானும் ஒருவன்.

‘விபத்துன்னே எழுதுங்க’

ஆலை முதலாளியான பெரியவருக்குச் சர்க்கரை ஏறிக் கால் வீங்கியதில், கோயம்புத்தூரில் வேலையில் இருந்த மகன் அந்தச் சித்திரையில் பொறுப்புக்கு வந்தார். சின்ன முதலாளி. வந்த வாரமே பழைய வவுச்சர்களைப் புரட்டினார். கைநாட்டைப் பார்த்து, “இவருக்கு எழுதத் தெரியாதா அண்ணா?” என்று கேட்டார். நான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. என் 2,62,000 ரூபாய்க் கணக்கையும் எடுத்துக் காட்டினேன்.

மீதித் தொகையை மூன்று தவணையில் கொடுத்தார். முதல் தவணைக்கு நான் வழக்கம்போல ‘இதர செலவு’ என்று எழுதப் போனேன். “அண்ணா, விபத்துன்னே எழுதுங்க. தனித் தலைப்புப் போடுங்க. வருஷக் கடைசியில அப்பா அந்த வரியைப் பார்க்கணும்” என்றார். டேலி என்ற கணக்கு மென்பொருளில் அன்றைக்கு இரண்டு தலைப்புத் திறந்தோம். ஒன்று ‘விபத்து’. இன்னொன்று பணமே இல்லாத ஒரு பதிவு, ‘நின்ற நேரம்’. ஆலை எப்போது நின்றாலும் எத்தனை நிமிடம், எதனால் என்று மேஸ்திரி சொல்ல நான் ஏற்ற வேண்டும்.

ராஸ்பருக்கு அவர் செய்தது பெரிய முதலீடு ஒன்றும் இல்லை. வாயை நீட்டி, கை எட்டாத அளவுக்கு ஒரு சரிவுத் தகடு வைத்தார். அடைத்தால் தள்ள ஒரு மரக்கோல். சுவிட்சுக்குப் பூட்டு. யார் உள்ளே கை வைக்கிறாரோ சாவி அவர் இடுப்பில் இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. டிரம்மின் புல்லியில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு பெயிண்ட் அடித்தார். சுற்றும்போது கோடு கலங்கிப் போகும். கோடு கோடாகத் தெரிந்தால்தான் டிரம் நின்றதாக அர்த்தம். ஒடிசாவிலிருந்து வந்த பையன்களுக்குத் தமிழ் போர்டு படிக்கத் தெரியாது, இதைப் படிக்க எந்த மொழியும் வேண்டாம். செலவு ஒரு சின்ன டப்பா பெயிண்ட். அதுவும் களத்துக்குச் சுண்ணாம்பு வாங்கும்போது சேர்த்து வாங்கியது.

ஆறு லாரி நின்ற நாள்

யார் வேண்டுமானாலும் மெஷினை நிறுத்தலாம், கேள்வி கிடையாது என்று அவர் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் நம்பவில்லை. நானும்தான். அப்படிச் சொல்லாத முதலாளி உண்டா?

மார்கழி கடைசியில் சோதனை வந்தது. வாசலில் ஆறு லாரி. காலை பத்து மணி இருக்கும். சல்லடைப் பக்கம் நின்ற பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ராஸ்பரை அணைத்துவிட்டான். பெல்ட் மூடியின் போல்ட் ஒன்று கழன்று மூடி ஆடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி பாய்ந்து வந்து, “எவன்டா நிறுத்தினது? லாரிக்காரனுக்கு உங்கொப்பனா பதில் சொல்லுவான்?” என்று கத்தினார். பையனுக்கு வார்த்தை புரியவில்லை, தொனி புரிந்தது. சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சின்ன முதலாளி களத்திலிருந்து வந்தார். பையனைப் பார்க்கவில்லை, மேஸ்திரியையும் திட்டவில்லை. குனிந்து மூடியை ஆட்டிப் பார்த்தார். “பதினேழு நம்பர் ஸ்பேனர் எடுத்தாங்க மேஸ்திரி” என்றார். போல்ட் மரை தேய்ந்திருந்தது. புதுசு வாங்க டவுனுக்கு ஆள் போய் வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் அவர் அங்கேயே ஒரு கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். லாரி டிரைவர் ஒருவர் வந்து சத்தம் போட்டார். “ஏனுங்க, நின்னது நின்னதுதான். டீ குடிங்க” என்றார் சின்ன முதலாளி. டீ வந்தபோது முதல் கிளாஸ் பையனுக்குப் போனது.

‘நின்ற நேரம்’ தலைப்பில் அன்றைக்கு ஏற்றினேன்: 55 நிமிடம், பெல்ட் மூடி போல்ட். அந்த வாரத்தில் மட்டும் இன்னும் நாலு தடவை வெவ்வேறு ஆட்கள் மெஷினை நிறுத்தினார்கள். இரண்டு காரணம் சொத்தை. அவற்றையும் ஏற்றச் சொன்னார்.

மேஸ்திரியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மூட்டைக் கிழங்கு அரைத்தோம் என்பதற்குத்தான் அவருக்கு இன்சென்டிவ். முதலாளி பாதுகாப்பு பேசுவார், அவர் கொடுக்கும் பணம் வேகத்தைப் பேசும். தொழிலாளி காதில் எது விழும்? அடுத்த மாதமே அதை மாற்றினார்கள். தினக் கணக்கு போய், சீசன் முடிவில் மொத்த ஜவ்வரிசிக்கும் தரத்துக்கும் என்று ஆனது. எனக்குத் தெரிந்து அந்த ஆலையில் எடுத்த பாதுகாப்பு முடிவுகளிலேயே பெரியது அதுதான். அது நடந்தது சம்பளப் பட்டியலில்.

சீசன் முடிந்து நின்ற நேரத்தைக் காரணவாரியாகப் பிரித்துப் பார்த்தோம். கிழங்கோடு வந்த கல்லும் இரும்பும், தேய்ந்த பெல்ட், கசியும் மோட்டார். ஆளின் கையை வாங்குகிற அதே காரணங்கள்தான் ஆலையையும் நிறுத்துகின்றன. மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி அடிக்கடி விழுகிறது என்று எலக்ட்ரீஷியன் அதைத் தாண்டி ஒயர் கொடுத்து வைத்திருந்தார். தேடிப் போனால் பால் பம்ப்பின் மோட்டாரில் கசிவு. அதைச் சரிசெய்த பிறகு ஷாக் அடிப்பதும் நின்றது, வருடா வருடம் அந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவும் நின்றது. இதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று சின்ன முதலாளியிடம் கேட்டேன். சிரித்தார்.

தொட்டி

கழிவுநீர்த் தொட்டி வேறு கதை. அங்கே மாட்டினால் திரும்புவதில்லை. மாவுச்சத்து நிறைந்த தண்ணீர் காற்றில்லாமல் கிடந்து அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. காற்றைவிடக் கனம், அதனால் தொட்டிக்குள்ளேயே தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் அங்கேயே சாய்வார். அவரைத் தூக்க இன்னொருவர், அவரைத் தூக்க மூன்றாமவர். செய்தித்தாளில் ‘ஒன்றன் பின் ஒன்றாக’ என்று படிக்கிறோமே, அது இப்படித்தான்.

இரண்டாவது சீசனில் தொட்டிக்குள் இருந்த பம்ப் திப்பி சுற்றி நின்றுபோனது. இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டி ஏணியை இறக்கிவிட்டார்கள். எத்தனையோ வருடமாக அப்படித்தான் எடுத்தது. சின்ன முதலாளி ஏணியை மேலே இழுக்கச் சொன்னார். “பம்ப் போனாப் போகட்டும்” என்றார். அன்றைக்கு அரவை முழுக்க நின்றது. பெரியவர் வீட்டிலிருந்து போன் மேல் போன். மறுநாள் ஒரு கர்டரும் செயின் பிளாக்கும் வந்தன. பம்ப்பைச் சங்கிலியில் கட்டி மேலிருந்தே தூக்கினார்கள். அதன்பின் இன்றுவரை அந்தத் தொட்டிக்குள் ஒரு கால் இறங்கவில்லை. ஏணியை அறுத்துப் பழைய இரும்பில் போட்டுவிட்டார்.

இந்தச் செலவுக்கு லாபம் என்ன என்று என்னால் ஒரு எண் சொல்ல முடியாது. நடக்காத சாவுக்குப் பேரேட்டில் இடமில்லை.

மலைக்கு அப்பால் ஓர் அலுமினியக் கம்பெனி

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன முதலாளியும் நானும் ஏற்காடு போனோம். கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது, இந்தச் சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போன காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அலுமினியம் என்றதும் அவர் அல்கோவா கதையைச் சொன்னார்.

1987-இல் அமெரிக்காவின் அல்கோவா கம்பெனிக்குத் தலைமையேற்ற பால் ஓ’நீல், நியூயார்க்கில் முதலீட்டாளர்கள் கூட்டத்தில் லாபத்தைப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பேசினாராம். கேட்டவர்கள் மிரண்டார்கள், பங்கை விற்கச் சொன்னவர்களும் உண்டு. 2000-இல் அவர் விலகும்போது, நூறு தொழிலாளருக்கு 1.86 என்று இருந்த வேலைநாள் இழக்கும் காய விகிதம் 0.2-க்கு இறங்கியிருந்தது. ஆண்டு லாபம் ஐந்து மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. மெக்சிகோ ஆலையில் தொழிலாளர்கள் வாயுவால் பாதிக்கப்பட்டதை மேலே சொல்லாத மூத்த அதிகாரியை 1996-இல் வீட்டுக்கு அனுப்பினார்.

நான் கணக்குக்காரன், அந்த ஐந்து மடங்கையும் பாதுகாப்பின் கணக்கில் எழுத என் கை வராது. அந்தப் பத்து வருடம் அமெரிக்கச் சந்தையே ஏறிய காலம், வேறு கம்பெனிகளை வாங்கியதும் உண்டு. ஆனால் ஒன்று பொருந்துகிறது. காயத்தை உடனே மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் போட்ட விதியால் கீழே இருப்பவன் பேச்சு மேலே போக ஒரு பாதை உண்டானது. பாதை உண்டானபின் உற்பத்தி யோசனைகளும் அதே வழியில் போயின. எங்கள் ஆலையில் அந்தப் பாதை ‘நின்ற நேரம்’.

தப்பாகப் போனவை

எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. விபத்தில்லாத மாதத்துக்கு எல்லோருக்கும் போனஸ் என்று சின்ன முதலாளி ஆரம்பித்தார். மூன்றாவது மாதம், தோல் சீவும் அக்கா ஒருவர் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனது தெரிந்தது. தன்னால் நாற்பது பேருக்குப் போனஸ் போய்விடும் என்று பயந்திருக்கிறார். கத்தி ஆழமாகப் போயிருந்தது. 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு அறிவிக்க வேண்டும். எங்களுக்கே தெரியாததை யாருக்கு அறிவிப்பது? அந்த மாதத்தோடு போனஸை நிறுத்தினார். ‘மயிரிழையில் தப்பியவை’ என்று ஒரு நோட்டுப் போட்டு வாசலில் தொங்கவிட்டார், அதில் இன்றுவரை இரண்டு வரிதான். எழுதுவதைவிட நிறுத்துவதுதான் இவர்களுக்குச் சுலபம். ராத்திரி ஷிப்ட்டில் சாவி மேஸ்திரியின் மேசை டிராயரில் கிடப்பதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

வரவுப் பக்கத்திலும் சில உண்டு. மூன்றாவது சீசனில் அரவை ஆட்கள் ஒருவர்கூட நடுவில் போகவில்லை. ஆள் கிடைக்காத ஊரில் அதன் அருமை ஆலைக்காரர்களுக்குத் தெரியும். ஒரு பெரிய உணவுக் கம்பெனியின் கொள்முதல் ஆட்கள் வந்தபோது, ஜவ்வரிசியைப் பார்க்கும் முன்பே கழிப்பறை, மின்பலகை, விபத்துப் பதிவேடு மூன்றையும் கேட்டார்கள். பதிவேட்டில் எழுதியிருந்ததுதான் அவர்களுக்கு நம்பிக்கை தந்தது என்று நினைக்கிறேன். வெற்றுப் பதிவேடு எத்தனையோ பார்த்தவர்கள் அவர்கள்.

விரலை இழந்தவர் இப்போது எடைமேடையில் இருக்கிறார். பாயிண்ட் பார்ப்பது அவர் வேலை. ஈஎஸ்ஐ அட்டை வந்துவிட்டது.

தோல் சீவும் பெண்கள் விஷயம் மட்டும் அப்படியே நிற்கிறது. வெட்டுப்படாத கையுறை என்று ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். ஈரக் கிழங்கில் வழுக்குகிறது என்று இரண்டே நாளில் கழற்றிப் போட்டுவிட்டார்கள். எடைக்குக் கூலி என்பதால் கத்தி வேகமாகத்தான் ஓடும். போன மாதம் சின்ன முதலாளி அவர்கள் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, என்ன செய்யலாம் என்று கேட்டார். வயதான அக்கா ஒருவர் கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “கிலோவுக்கு இன்னும் கொஞ்சம் ஏத்திக் குடுங்க தம்பி, விரல் தானாத் தப்பிச்சுக்கும்.”

எவ்வளவு ஏற்றினால் ஒரு மூட்டை ஜவ்வரிசிக்கு எவ்வளவு கூடும் என்று சின்ன முதலாளி என்னிடம் கேட்டார். மூன்று விதமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தாள் அவர் மேசையில், கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.